லூப்புக்கு வெளியே போன வரி

காலை ஏழு மணிக்கு வண்ணமீன் கடையின் ஷட்டரைத் தூக்கியபோது அவளுக்கு முதலில் எட்டியது ஒரு வாடை. பாசியும் மீன் தீனியும் கலந்த வழக்கமான வாடைதான். ஆனால் அன்று அதற்குள் கொதித்து அடங்கிய பாத்திரத்தின் வெக்கையும் இருந்தது. விளக்கைப் போட்டாள். உள்ளறையில் தனியாக வைத்திருந்த பெரிய தொட்டியின் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. உள்ளங்கையால் துடைத்துப் பார்த்தாள்.

டிஸ்கஸ் ஜோடி அடியில் பக்கவாட்டில் கிடந்தது. தட்டுப் போல வட்டமாக, நீலக் கோடுகளோடு மிதக்கும் மீன்கள் சாயம் போன துணியாக வெளுத்திருந்தன. குஞ்சுகள் மேலே தூசியாக ஒதுங்கியிருந்தன. தண்ணீரில் விரலை வைத்தவள் உடனே எடுத்துக்கொண்டாள். ஹீட்டரின் சிவப்பு விளக்கு அப்போதும் எரிந்துகொண்டிருந்தது.

பிளக்கைப் பிடுங்கினாள். கணவனுக்குப் போன் செய்தாள். பிறகு தொட்டிக்குப் பக்கத்துப் பலகையில் இருந்த பழைய கணினியின் முன் உட்கார்ந்தாள். ஹீட்டரை ஏற்றுவதும் அணைப்பதும் அந்தக் கணினியில் ஓடிய நிரல்தான். அதை எழுதியவள் அவள். ஓட்டத்தை நிறுத்திவிட்டு வரி வரியாகப் படித்தாள். ஒரு வரி இடம் மாறியிருந்தது. அவள் யோசிப்பதற்குள் கை அதைப் பழைய இடத்துக்கு நகர்த்திச் சேமித்துவிட்டது. கடைசியாக யார், எப்போது அந்த நிரலைத் தொட்டார்கள் என்ற அடையாளமும் அதோடு அழிந்துபோனது.

நிமிர்ந்தபோது கணவன் பின்னால் நின்றான்.

என்ன திருத்தினாய் என்று கேட்டான். சொன்னாள். "அப்ப தப்பு உன்னோடதுதானே," என்றான். குரலை உயர்த்தவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

மீன்களை வலையில் எடுத்தார்கள். தொட்டியைக் காலி செய்தார்கள். மத்தியானம் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தவள், இனிமேல் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகப் போவதில்லை என்று சொன்னாள். அவன் சரி என்றான்.

துடைத்த துணியைப் பிழியும்போதுதான் ஒன்று உறைத்தது. தப்பு தன்னுடையது என்றால், அந்த நிரல் இத்தனை வாரம் எப்படி ஒழுங்காக ஓடியது? கையைத் துடைத்துக்கொண்டு அவள் நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

கணவனோடு தகராறு என்றால் கணவனின் அக்காவிடம் நியாயம் கேட்கிறவள் அபூர்வம். ஆனால் இந்த அக்கா போலீஸ் இன்ஸ்பெக்டர். எதைச் சொன்னாலும் அப்படியா என்று நம்பிவிடாமல் திருப்பிக் கேள்வி கேட்கிற ஒரே ஆள் அந்தக் குடும்பத்தில் அவள்தான். அன்று விடுமுறையில் இருந்தாள். சீருடை இல்லாமல், தலையைக்கூடச் சரியாக வாராமல் வந்தாள்.

வந்ததும் தம்பி மனைவியை உள்ளறையில் உட்காரவைத்து ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னாள்.

பக்கத்துத் தெருவில் பெரியவர்களுக்கான மாலை நேரப் பயிற்சி வகுப்பு. கணினியைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும் நிரல் எழுதச் சொல்லிக்கொடுப்பார்கள். புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றாகத்தான் சேர்ந்தார்கள். கடையில் வேலை அதிகம் என்று சொல்லி, லூப் பாடம் நடந்த வாரத்தோடு அவன் நின்றுவிட்டான். அவள் தொடர்ந்தாள். படித்ததை வைத்து இந்தத் தொட்டிக்கு ஒரு நிரல் எழுதினாள். டிஸ்கஸ் சூட்டுக்குப் பழகிய மீன். தண்ணீர் இருபத்தெட்டு டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது, அதிகம் ஏறவும் கூடாது. அந்த ஜோடி எத்தனையோ வருடமாக அவள் கணவன் கையில் முட்டை வைக்கவே இல்லை. நிரல் ஓட ஆரம்பித்துச் சூடு ஒரே சீராக நின்றதும் முட்டை வைத்தது, குஞ்சும் பொரித்தது. இதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் கொஞ்சம் நிமிர்ந்து உடனே தணிந்தது.

இடம் மாறியது எந்த வரி என்று இன்ஸ்பெக்டர் கேட்டாள்.

அவள் விளக்கினாள். நிரலின் நடுவில் ஒரு லூப். அதாவது, அதற்குள் இருக்கும் வேலைகளைக் கணினி திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் முதலில் தண்ணீரின் சூட்டைப் பார்க்கும். அடுத்தது நிபந்தனை. சூடு இருபத்தெட்டுக்குக் குறைவாக இருந்தால் ஹீட்டரைப் போடு, இல்லையென்றால் அணை. கொஞ்சம் பொறுத்து அடுத்த சுற்று. காலையில் அவள் பார்த்தபோது, சூட்டைப் பார்க்கச் சொல்லும் வரி லூப்புக்கு வெளியே, அதற்கு மேலே இருந்தது.

"மேல இருந்தா என்ன? பாக்கத்தானே செய்யும்," என்றாள் இன்ஸ்பெக்டர்.

"ஒரே ஒரு தடவைதான் பாக்கும் அண்ணி. உங்க ஸ்டேஷன்ல ஒருத்தர் காலையில வாசல்ல நின்னு தெருவை எட்டிப் பாக்கறார்னு வைங்க. தெரு காலி. அப்புறம் உள்ள போய் உக்காந்துட்டு, திரும்ப எட்டிப் பாக்காமலே நாள் பூரா தெரு காலி, தெரு காலின்னே சொல்லிட்டிருக்கார். தெருவுல கொலையே நடந்தாலும் அவருக்குத் தெரு காலிதான்."

"அப்படி ரெண்டு பேர் எனக்கு நிஜமாவே இருக்காங்க," என்றாள் இன்ஸ்பெக்டர். மேலும் இரண்டு விஷயம் கேட்டுக்கொண்டாள். வரியை மாற்றினால் உடனே பலிக்குமா? பலிக்காது. ஓடுகிற நிரலை நிறுத்தி மறுபடி ஓடவிட்டால்தான் மாற்றம் வேலை செய்யும். மின்சாரம் போய் வந்தால் தானாகத் தொடங்குமா? தொடங்காது. யாராவது கையால் தொடங்கிவைக்க வேண்டும்.

சந்தேகம் யார் மேல் என்று கேட்டதும் அவள் தயங்கவில்லை. வகுப்பில் ஒரு மருந்துக்கடைக்காரி உண்டு. எல்லோருக்கும் முன்னால் வந்து முதல் வரிசையில் உட்காருவதால் அவளுக்கு முதல் பெஞ்சு என்றே பெயர். வகுப்பின் கெட்டிக்காரி அவள்தான். போன வாரம் ஆசிரியை மீன் தொட்டி நிரலைப் பெரிய திரையில் போட்டு, எழுதினால் இப்படி எழுத வேண்டும் என்று சொன்னாள். அன்றிலிருந்து முதல் பெஞ்சு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நேற்று உச்சிப் பொழுதில் கடைக்கு வந்தாள். அவள் மீன் வாங்குகிற ஆள் இல்லை. இவள் ஒரு வாடிக்கையாளருக்கு மீன் பிடித்துக் கொடுக்க முன்பக்கம் போனபோது, அவள் கணினி முன்னால் தனியாக நின்றாள். இதை ஆசிரியையிடமும் போனில் சொல்லியாகிவிட்டது.

இன்ஸ்பெக்டர் தம்பியிடம் போனாள். அவன் முன்பக்கம் தீனி டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தான். அவள் வாயைத் திறப்பதற்குள் ஒரு பெரியவர் கையில் பிளாஸ்டிக் பையோடு வந்தார். பைக்குள் ஒரு மீன் சோர்ந்து கிடந்தது. தம்பி எட்டிப் பார்த்து, தண்ணீரை மாற்றச் சொன்னான். பெரியவர் தலையாட்டிவிட்டு, அம்மா இருக்காங்களா, அவங்களையும் ஒரு வார்த்தை கேட்டுக்கறேன் என்றார். உள்ளே இருக்காங்க என்று சொல்லிவிட்டு அவன் அடுக்கிய டப்பாக்களையே கலைத்து மறுபடி அடுக்கினான்.

நேற்று சாயங்காலம் என்ன நடந்தது என்று அக்கா கேட்டாள். ஒளிவுமறைவில்லாமல் சொன்னான். மனைவி வகுப்புக்குக் கிளம்பியதும் வழக்கம்போலப் பெரிய தொட்டியில் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு, டிரம்மில் பிடித்துவைத்த புதுத் தண்ணீரை ஊற்றினான். புதுத் தண்ணீர் சில்லென்று இருக்கும். மீன்கள் மிரளும். அதனால் அவை பழகும் வரை தொட்டி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது அவன் பழக்கம். நேற்றும் உட்கார்ந்திருந்தான்.

"நடுவுல எங்கயாவது எழுந்து போனியா? கடையில யாராவது வந்தாங்களா?"

"எங்கயும் போகலக்கா. யாரும் வரல. ஹீட்டர் விளக்கு எரிஞ்சுது, மீன் நல்லா இருந்துது. பூட்டிட்டு வந்துட்டேன்."

அவனாகவே இன்னொன்றும் சொன்னான். மனைவி மேல் அவனுக்குக் கோபம் இல்லை. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் தப்புச் செய்யத்தான் செய்வார்கள். யாரையும் குற்றம் சொல்லாமல் இதை இத்தோடு விட்டுவிடலாம்.

மருந்துக்கடைக்காரி இன்ஸ்பெக்டரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தவள் போலவே இருந்தாள். செய்தி அவள் காதுக்கும் வந்திருந்தது. மருந்துச் சீட்டோடு நின்ற ஆளை அனுப்பிவிட்டு, கவுண்டருக்குப் பின்னாலிருந்து வெளியே வராமலே பேசினாள். ஆமாம், போனேன். ஆமாம், மீன் வாங்கப் போகவில்லை.

"பொறாமைதான் மேடம். மறைக்கல. அந்த ப்ரோக்ராம்ல எங்கயாவது ஒரு தப்பு கிடைக்காதான்னு பாக்கப் போனேன். மேலேர்ந்து கீழ, கீழேர்ந்து மேல படிச்சேன். கிடைக்கல."

"சூட்டைப் பாக்கற வரி எங்க இருந்துது?"

"லூப்புக்கு உள்ளதான். அந்த இடத்தைத்தான் முதல்ல பாத்தேன். எல்லாரும் அங்கதான் வழுக்குவாங்க."

விசைப்பலகையைத் தொடவில்லை என்றாள். அதற்குச் சாட்சி இல்லை. அதையும் அவளே சொன்னாள்.

பயிற்சி மையத்தில் ஆசிரியை கலங்கிப்போயிருந்தாள். கடைக்குள் போய் அடுத்தவர் வேலையைக் கெடுக்கிற ஆளை வகுப்பில் வைத்துக்கொள்ள முடியாது. இன்று சாயங்காலமே மருந்துக்கடைக்காரியை நின்றுவிடச் சொல்லப் போகிறாள். மற்றவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். நேற்று வகுப்புக்கு யார் யார் வந்தார்கள் என்று இன்ஸ்பெக்டர் விசாரித்தாள். மீன்கடைக்காரியும் வந்தாள், மருந்துக்கடைக்காரியும் வந்தாள். இருட்டுவதற்கு முன்பே வந்தவர்கள் வகுப்பு முடிகிற வரை அசையவில்லை. அவர்கள் வெளியே வந்தபோது மீன்கடை பூட்டியிருந்தது.

வெளியே போன அந்த வரி, அது அரிதான தப்பா என்றும் கேட்டாள். ஆசிரியை சோகத்திலும் சிரித்தாள். லூப் பாடத்தில் பாதிப் பேர் செய்வது அதுதான். ஒருத்தர் திரையில் எழுதிக் காட்டியபோது, மாறாமல் ஒரே எண் அருவி மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது. வகுப்பே சிரித்தது. "நானும் சிரிச்சேன். சிரிச்சிருக்கக் கூடாது. அதுக்கப்புறம் அவர் வரவே இல்ல."

யார் என்று இன்ஸ்பெக்டர் கேட்கவில்லை.

திரும்பி நடக்கும்போது அவளுக்குத் தன் தம்பியின் கல்யாணம் ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு ஒரு வருடம் அவள் அந்த வீட்டுக்குப் போனாலே ஏதாவது குறை கண்டுபிடித்தாள். காபியில் சர்க்கரை, திரைச்சீலையின் நிறம், தம்பியின் சட்டையில் பித்தான். அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் சரி அண்ணி என்றாள். நெஞ்சுக்குள் எரிகிற ஒன்றைப் பித்தான் என்று பேர் மாற்றிச் சொல்ல முடியும் என்பதை இன்ஸ்பெக்டர் போலீஸ் வேலையில் தெரிந்துகொள்ளவில்லை, அந்த ஒரு வருடத்தில் தன்னிடமிருந்தே தெரிந்துகொண்டாள்.

வகுப்பு தொடங்க இன்னும் நேரம் இருந்தது. மருந்துக்கடைக்காரியைக் கையோடு அழைத்துக்கொண்டு மீன்கடைக்கு வந்தாள். உள்ளறையில் நால்வரும் நின்றார்கள். இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டர் காலித் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

முதலில், தப்பு இதை எழுதியவளுடையது இல்லை என்றாள். அந்த வரி ஆரம்பத்திலிருந்தே வெளியே இருந்திருந்தால் மீன்கள் முதல் வாரமே செத்திருக்கும். யாரோ பிறகுதான் மாற்றியிருக்கிறார்கள். கோபம் இருந்தது முதல் பெஞ்சுக்கு. வாய்ப்பும் இருந்தது, உச்சிப் பொழுதில்.

"நானும் அந்தச் சந்தேகத்துலதான் நின்னேன்," என்றாள். "அப்புறம்தான் ஒண்ணு தோணுச்சு. மத்தியானம் தண்ணி எப்படி இருந்துது?"

"இருபத்தெட்டுக்கு மேல அண்ணி," என்றாள் தம்பி மனைவி. "வெயில் நேரத்துல ஹீட்டரே எரியாது."

"அப்ப மத்தியானம் ஒருத்தர் வரியை வெளியே தள்ளி, ப்ரோக்ராமைத் திரும்ப ஓடவிட்டா என்ன ஆகும்? ஒரு தடவை எட்டிப் பாக்கும். தண்ணி சூடு. அதையே பிடிச்சுக்கிட்டு ஹீட்டரை அணைச்சு வைக்கும். சாயங்காலம் பச்சைத்தண்ணியே ஊத்தினாலும் அதுக்குத் தண்ணி சூடுதான். விளக்கு எரியவே எரியாது. காலையில மீன் குளிர்ல விறைச்சுக் கிடந்திருக்கும். வெந்திருக்காது."

மருந்துக்கடைக்காரி மெதுவாகத் தலையை நிமிர்த்தினாள். அவளுக்கு அடுத்தது புரிந்துவிட்டது. மீன்கடைக்காரிக்கும் புரிந்துவிட்டது. அவள் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"ஆனா விளக்கு எரிஞ்சுது. விடிய விடிய எரிஞ்சுது. அப்படின்னா அது எட்டிப் பாத்த அந்த ஒரு தடவை, தண்ணி சில்லுன்னு இருந்திருக்கு. இந்தத் தொட்டியில தண்ணி சில்லுன்னு இருக்கறது எப்ப? புதுத் தண்ணி ஊத்தினதும்தான். ப்ரோக்ராமை நிறுத்தித் திரும்ப ஓடவிட அப்ப ஒரு ஆள் வேணும். அந்த நேரம் இவங்க ரெண்டு பேரும் வகுப்புல. கடையில யாரும் வரல. பக்கத்துலயே உக்காந்திருந்தவன் எங்கயும் எழுந்து போகல. அதை நீயேதான்டா சொன்னே."

தம்பி மறுக்கவில்லை. தொட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் முகத்தில் பிடிபட்டவனின் பயத்தைவிட ஆச்சரியம் அதிகமாக இருந்தது. காலையிலிருந்து விடை தெரியாமல் இருந்த ஒரு கணக்குக்கு அப்போதுதான் விடை கிடைத்தவன் போல, சில்லுன்னு இருந்ததாலயா என்று தனக்குள் சொன்னான்.

"நான் அணைக்கத்தான் பாத்தேன்க்கா," என்றான். "ஹீட்டர் எரியாம போகும், காலையில தண்ணி கொஞ்சம் ஆறியிருக்கும், இவ ஒரு நாள் முழிப்பான்னு நினைச்சேன். அவ்வளவுதான். ஆனா ஓடவிட்டதும் விளக்கு எரிஞ்சுது. சரி, நாம பண்ணினது பலிக்கல, நமக்குத்தான் இது வராதேன்னு விட்டுட்டேன்."

இன்ஸ்பெக்டருக்கு மிச்சமும் விளங்கியது. வகுப்பில் எல்லோரும் சிரித்த அந்தத் தப்பு அவனுடையது. தொடக்கக்காரர் யாரும் செய்யக்கூடிய தப்பாகத் தெரியட்டும் என்று அதையே எடுத்து மனைவியின் நிரலுக்குள் வைத்தான். அது எப்படி வேலை செய்யும் என்று அப்போதும் அவனுக்கு முழுதாகப் புரிந்திருக்கவில்லை. புரிந்திருந்தால் மீன்கள் பிழைத்திருக்கும்.

அவன் பேச ஆரம்பித்தபின் நிறுத்த முடியவில்லை. கடை அவன் கட்டியது. எந்த மீனுக்கு என்ன நோய் என்று ஊரே அவனிடம்தான் கேட்டது. இப்போது வருகிறவர்கள் எல்லாம் அம்மா இருக்காங்களா என்கிறார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டான். அந்த ஜோடி முட்டை வைத்த அன்றுதான் பொறுக்கவில்லை. ராத்திரியெல்லாம் கண்விழித்து, தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அவன் வளர்த்த மீன்கள். அவன் கையில் வைக்காத முட்டையை இவள் தட்டிய சில வரிகளுக்கு வைத்தன.

மனைவி சுவரிலிருந்து கையை எடுத்தாள். மீன்களைப் பற்றி அவள் கேட்கவில்லை. முட்டையைப் பற்றியும் கேட்கவில்லை.

"நான் கிளாஸை விட்டுடறேன்னு சொன்னேன்ல," என்றாள். "தப்பு என்னோடது இல்லைன்னு தெரிஞ்சுதானே சரின்னீங்க?"

அவன் பிடுங்கிப்போட்டிருந்த ஹீட்டர் வயரை எடுத்துச் சுற்றத் தொடங்கினான்.

மருந்துக்கடைக்காரி தொண்டையைச் செருமினாள். "எனக்கும் உன்மேல எரிச்சல்தான்," என்று மீன்கடைக்காரியிடம் சொன்னாள். "நீ நல்லா எழுதினதுக்கு நான் இன்னும் நல்லா எழுதணும்னு எரிச்சல். மீன்மேல எனக்கு என்ன கோபம்?" மீன்கடைக்காரி அவளிடம் மன்னிப்புக் கேட்டாள். ஆசிரியையிடம் தானே பேசுவதாகவும் சொன்னாள்.

அதை அவள் பேசக் கூடாது என்றாள் இன்ஸ்பெக்டர். இதற்கு வழக்கு இல்லை, எழுதிக் கொடுக்கப் புகாரும் இல்லை. செத்தது அவன் மீன். ஆனால் செய்யாத ஒருத்தி மேல் வகுப்பு முழுக்கப் பழி விழுந்திருக்கிறது. அவன் வாயைத் திறக்காமல் இருந்ததால் விழுந்தது. அதைத் துடைக்க வேண்டியவன் அவன். தம்பி அக்காவைப் பார்த்தான். சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டுப் பார்க்கிற அதே பார்வை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூன்று பேரும் முன்னால் போனார்கள். அவன் கடையைப் பூட்டிவிட்டுப் பின்னால் வந்தான். வகுப்பில் எல்லோரும் உட்கார்ந்த பிறகு வாசலில் நின்றபடியே சொன்னான். வரியை மாற்றியது நான். மருந்துக்கடைக்காரம்மாவுக்கு இதில் சம்பந்தம் இல்லை. என் மனைவி எழுதியதில் தப்பு எதுவும் இல்லை. ஏன் செய்தாய் என்று ஒருவர் கேட்டார். பொறாமை என்றான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஆசிரியை தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு, அவர் விரும்பினால் உட்கார்ந்து பாடத்தைக் கேட்கலாம், லூப்பை நாளை மறுபடி ஒருமுறை நடத்துவதாக இருக்கிறேன் என்றாள்.

அவன் மனைவியின் வரிசைக்குப் போனான். அவள் பக்கத்து நாற்காலி காலிதான், ஆனால் அதில் அவள் பை இருந்தது. அவன் நின்றான். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பையை எடுக்கவில்லை. அவன் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தான்.

இன்ஸ்பெக்டர் கதவருகே நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். தம்பிக்காக மனம் அடித்துக்கொண்டது. ஆனாலும் உள்ளே போய் அந்தப் பையை எடுத்துத் தரையில் வைக்கவில்லை.

அடுத்த வாரம் தலைவலி மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போனாள். லூப் இப்போது மீன்கடைக்காரருக்கு ஓரளவு பிடிபட்டிருக்கிறது என்று மருந்துக்கடைக்காரி தானாகவே சொன்னாள். மீன்கடையில் புது ஜோடி வந்திருக்கிறதாம், அதற்குத் தண்ணீர் மாற்றுவது இப்போது இருவரும் சேர்ந்துதானாம். மாத்திரையை உறையில் போட்டுக்கொண்டே, நேற்று அந்தப் பையை மனைவியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டதையும் சொன்னாள். அதற்கு அப்புறம் வகுப்பு முடிகிற வரை இரண்டு பேரும் ஏதோ கிசுகிசுவென்று பேசிக்கொண்டே இருந்தார்களாம். முன் வரிசையில் இருப்பவளுக்கு அது தொந்தரவாக இருந்ததாம்.

சொல்லும்போது அவள் குரல் லேசாகக் கடுத்தது. இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டாள்.